குழுவோடு படம் எடுக்கப் போகும்போது வரும் கூச்சம்: உங்களுக்கும் உண்டா?

கடலோரக்காற்று | ஞாயிறு, இரவு 9.12

கேமரா, லென்ஸ் பற்றிய கேள்வி இல்லாததால் பொதுப் பகுதியில் எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு புகைப்படக் குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருகிறேன். காசிமேடு, கோயம்பேடு பூச்சந்தை, மயிலாப்பூர் மாட வீதி என்று வழக்கமான இடங்கள்தான். தனியாகப் போனால் எந்தச் சிக்கலும் இல்லை. பத்துப் பதினைந்து பேரோடு போனால் கேமராவை எடுக்கவே கை வருவதில்லை.

சந்தித்ததும் முதல் கேள்வி, ‘என்ன பாடி வைத்திருக்கிறீர்கள்?’ என்பதுதான். லென்ஸ் நீங்கலான கேமராவைத்தான் பாடி என்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும். பதில் சொன்னதும் ‘ஓ, சரி’ என்று பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை.

பிறகு தேநீர்க் கடையில் நின்று ஆளாளுக்குப் பின்திரையைக் காட்டிப் பேசுவார்கள். அந்த நேரத்தில் நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ‘உங்கள் படம்?’ என்று யாராவது கேட்டால், ‘இன்று ஒன்றும் சரியாக அமையவில்லை’ என்பேன். உண்மையில் ஒன்றிரண்டு அமைந்திருக்கும். மற்றவர் கண்ணுக்கு அது நல்லதாகப் படுமா என்ற சந்தேகம் எழுந்த நொடியில் எனக்கே அது பிடிக்காமல் போய்விடுகிறது.

மாலையில் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் படம் போடுவார்கள். சிலருடைய படத்துக்குக் கைதட்டல் குவியும். என் படத்துக்கு ஒரு கட்டைவிரல் வரும், அல்லது அதுவும் வராது. படம் மோசமா? நான் யாரென்று தெரியாததாலா? யாரும் பார்க்கவே இல்லையா? கேட்கவும் முடியவில்லை. கேட்டால் பாராட்டுக்குக் கையேந்துவதுபோல் ஆகிவிடுமே என்று தயக்கம்.

புகைப்படம் எடுப்பதை விட்டுவிட மனமில்லை. குழுவை விட்டுவிடலாமா என்றுதான் யோசிக்கிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


தாம்பரம்லோக்கல் | ஞாயிறு, இரவு 9.40

நண்பரே, எனக்கும் அப்படித்தான். யாராவது பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தால் போதும், ஷட்டர் வேகம், அபெர்ச்சர் எல்லாம் மறந்துவிடும். அறுபத்துமூவர் திருவிழாவில் ஒரு மூத்த உறுப்பினர் என் பக்கத்தில் நின்று அதே கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் படம் எப்படி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சப்பரம் கடந்து போய்விட்டது.

வழி எதுவும் தெரிந்து எழுதவில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் இப்படி இல்லை என்று சொல்லத்தான் எழுதினேன்.


இருட்டறை | ஞாயிறு, இரவு 10.55

தம்பி, நான் ஃபிலிம் காலத்து ஆள். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் தொடங்கியவன். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். கழுவி அச்சிட்டுப் பார்க்கும்வரை யாருடைய படம் எப்படி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றாகப் போவோம், ஒன்றாகத் தேநீர் குடிப்போம், அங்கே ஒப்பிட எதுவும் இருக்காது. நீங்கள் சொல்லும் தேநீர்க் கடை வேதனை எங்களுக்கு வாய்க்கவே இல்லை. பின்திரை வந்த பிறகுதான் அந்த மேசை தேர்வு மண்டபமாக மாறியது.

புகைப்பட மன்றத்தின் மாதக் கூட்டத்தில் அச்சுப் படங்களை ஒரு தாங்கியில் ஒவ்வொன்றாக வைப்பார்கள். 12க்கு 15 அங்குலம். முன்பக்கத்தில் பெயர் இருக்காது. எந்தக் கேமராவில் எடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இண்டு’ தாளில் அச்சிட்டதும் இருக்கும், வெளிநாட்டுத் தாளில் அச்சிட்டதும் இருக்கும். ஒருவர் எழுந்து, ‘வலது மூலையில் வெளிச்சம் கண்ணை வெளியே இழுக்கிறது, அங்கே சற்று இருட்டாக அச்சிட்டுப் பாருங்கள்’ என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வேலை செய்யலாம்.

கேமராவைப் பற்றிய கூச்சத்துக்கு ஒன்று சொல்கிறேன். மா. கிருஷ்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர், 1996இல் மறைந்தார். யானையையும் காட்டெருமையையும் காட்டுக்குள் நின்று கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பூட்டிக்கொண்ட ஒரு கருவியை வைத்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அதை ஏந்தி நின்றவரிடம் போய், ‘என்ன பாடி?’ என்று கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? உங்கள் 18-55 லென்ஸுக்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.


கொங்குவெயில் | திங்கள், காலை 7.20

இருட்டறை ஐயா மீது மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கால மன்றங்களை இவ்வளவு ஒளியோடு காட்டுவதை ஏற்க முடியவில்லை. நானும் ஒரு மன்றத்தில் இருந்தவன், ஊரும் பெயரும் வேண்டாம். பெயர் எழுதாத படமாக இருந்தாலும் இது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நடுவராக வந்தவர் ஒரு கல்லூரி மாணவனின் படத்தைத் தாங்கியில் வைத்துவிட்டு அவையைப் பார்த்துச் சிரித்தார். ஒரு சொல் பேசவில்லை. சிரிப்பு மட்டும்தான். அந்த மாணவன் அடுத்த மாதம் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இன்னொன்று, பட்டங்கள். சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பு பல நாட்டுப் போட்டிகளில் ஏற்கப்பட்ட படங்களைக் கணக்கிட்டு ஏஃபியாப், ஈஃபியாப் என்று வரிசையாகப் பட்டம் தருகிறது. அதற்காக உழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் மன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மாதிரிப் படம் ஏற்கப்படும் என்று தெரிந்துவிட்டதும் எல்லோரும் அதையே எடுத்தார்கள். புகை மூட்டத்தில் ஆட்டு மந்தை. கூரை ஓட்டையில் விழும் ஒளிக்கற்றையில் சின்னத் துறவி. அதே துறவி, அதே கூரை, பெயர்கள் மட்டும் வேறு வேறு. பட்டம் வாங்கியவர்களிடமும் சந்தேகம் தீரவில்லை. அடுத்த பட்டம் வரவில்லையே என்று அது வேறு உருவத்தில் வந்தது.

எனவே கடலோரக்காற்று, கட்டைவிரலுக்குப் பதிலாக மதிப்பெண் கிடைத்தால் தெளிவு பிறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மதிப்பெண்ணும் கட்டைவிரல்தான்.


இருட்டறை | திங்கள், காலை 8.05

கொங்குவெயில் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிரித்த நடுவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். நான் காப்பாற்ற நினைப்பது மன்றத்தை இல்லை, அந்த ஒரு வாக்கியத்தை. அது மறைந்துபோனதுதான் என் குறை.


செங்காந்தள் | திங்கள், பிற்பகல் 1.30

பெண்ணாக இருந்து இதே குழுக்களுக்குப் போகிறவள் நான். கூச்சம் இரண்டு மடங்கு. கேட்காமலே ஒருவர் வந்து, ‘ஐஎஸ்ஓவைக் குறையுங்கள்’ என்பார். இன்னொருவர் ‘கொடுங்கள், நான் காட்டுகிறேன்’ என்று கேமராவைக் கையிலிருந்து வாங்கிச் சக்கரத்தைத் திருப்பிவிட்டுத் தருவார். நான் வேண்டுமென்றேதான் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனை, உயர்த்தி வைத்திருப்பேன். விடியலுக்கு முன்னால் பூக்கட்டும் கைகள் ஓயாமல் அசையும். ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்காவது இல்லாவிட்டால் விரல்கள் கலங்கிப்போகும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். அன்று முழுவதும், ‘ஒருவேளை எனக்குத்தான் தெரியவில்லையோ’ என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருக்கும்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத பூக்காரம்மாவிடம் எனக்குக் கூச்சம் வருவதே இல்லை. ‘என்னம்மா, இதை எல்லாம் படம் எடுக்கிறாயே’ என்று அவரே பேச்சைத் தொடங்குவார். பக்கத்தில் உட்காரச் சொல்வார். அரை மணி நேரம் பேசிவிட்டு, அதன் பிறகு இரண்டு படம் எடுத்திருக்கிறேன். என்னை எடைபோடும் கண்கள் அங்கே இல்லை. கூச்சம் வருவதெல்லாம் கேமரா வைத்திருக்கும் இன்னொருவர் முன்னால்தான். ஆகவே இது என் பிறவிக் குணம் என்று நான் நம்புவதை விட்டுவிட்டேன். எந்த இடத்தில் எழுகிறது என்று பார்த்தால், காரணம் அந்த இடத்திலும் இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு தோழியோடு போகிறேன். தெருவின் இரண்டு முனையில் இருந்து ஆளுக்கொரு பக்கமாகத் தொடங்குவோம். நடுவில் சந்தித்தால் பேசுவோம், பிறகு மறுபடி பிரிவோம். ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுக்காததால் ஒப்பிடவும் எதுவும் இல்லை.


வகுப்பறைஜன்னல் | திங்கள், மாலை 6.15

உளவியல் கற்பிப்பவன் என்பதால் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இரண்டுமே அமெரிக்காவில் தொடங்கியவை, அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

2000ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட சட்டையை மாணவர்களுக்கு அணிவித்தார்கள். அவர்கள் வயதில் அணிய வெட்கப்படும் சட்டை அது. மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பிவிட்டு, எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். உங்கள் 18-55 லென்ஸையும் நீங்கள் நினைப்பதில் பாதிப்பேர்கூட கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

2018இல் எரிக்கா பூத்பியும் மூன்று சகாக்களும் வெளியிட்டது இன்னும் நெருக்கமானது. முதன்முறை சந்தித்துப் பேசியவர்களிடம் தனித்தனியே கேட்டபோது, ‘அவரை எனக்குப் பிடித்த அளவுக்கு அவருக்கு என்னைப் பிடித்திருக்காது’ என்றே இரு பக்கமும் நினைத்தார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் அதிகம். ‘ஓ, சரி’ என்று பேச்சை முடித்தாரே, அவரும் வீட்டுக்குப் போய், ‘அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லையே’ என்று நினைத்திருக்கக்கூடும்.

தகுதியில்லாத இடத்தில் நிற்பதுபோன்ற உணர்வைப் பற்றி 1978இல் பாலின் கிளான்சும் சூசன் ஐம்சும் எழுதியது பரவலாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது பட்டமும் பதவியும் பெற்று, சாதித்தவர்கள் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட பெண்களை. வெளியே சான்று இருந்தும் உள்ளே நம்ப முடியாத நிலை அது. நம் பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்கு வெளியே சான்றே இல்லை. சம்பளம் இல்லை, வாடிக்கையாளர் இல்லை, தேர்வு முடிவு இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் கையில் கிடைப்பதையெல்லாம் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம்: கட்டைவிரல், லென்ஸின் விலை, யார் யாருக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள் என்பது வரை. அளக்க எதுவுமில்லாத ஒரு வேலையை விரும்பிச் செய்பவருக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. அதை நோயாக எண்ண வேண்டாம்.


மூடியகுடை | திங்கள், இரவு 10.10

யாருக்கும் காட்டாமல் எடுத்தால் என்ன? விவியன் மையர் அப்படித்தானே செய்தார். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். கிட்டத்தட்ட யாருக்கும் காட்டவில்லை. காட்டாமலே ஒருவர் அவ்வளவு உயரத்துக்குப் போகலாம் என்றால் நாம் ஏன் குழுவையும் கட்டைவிரலையும் நம்பி இருக்க வேண்டும்?


கொங்குவெயில் | திங்கள், இரவு 10.45

மையரை இதற்கு இழுப்பது எனக்கு ஒப்பவில்லை. வாடகை கட்டாததால் அவருடைய சேமிப்புக் கிடங்குப் பொருள்கள் 2007இல் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் படங்களை வெளியே கொண்டுவந்தார்கள். 2009இல் அவர் இறந்தார். புகழ் பரவியது அதற்குப் பிறகு. கழுவப்படாத சுருள்களும் ஏராளம். அவர் வேண்டாம் என்று காட்டாமல் இருந்தாரா, பணமில்லாமலா, பயத்தாலா என்று அவர் வாயால் நாம் கேட்டதில்லை. ஒருவருடைய மௌனத்தை எடுத்து நம் வசதிக்குக் கொள்கையாக்கக் கூடாது. அவர் காட்டியிருந்தால் நல்ல பேச்சுத்துணை ஒன்று கிடைத்திருக்குமே என்ற எண்ணம்தான் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருகிறது.

ஆனால் அவருடைய கருவியில் இருந்து கூச்சமுள்ளவர்கள் ஒன்று கற்கலாம். அவர் நீண்ட காலம் பயன்படுத்தியது ரோலைஃபிளெக்ஸ். வயிற்றின் உயரத்தில் பிடித்து, குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டிய கேமரா. முகத்தை மறைக்காது. எதிரே இருப்பவர் நம் கண்களைப் பார்க்க முடியும். இன்றைய பல கேமராக்களில் திரையை வெளியே மடக்கிவிட்டு அதேபோல் எடுக்கலாம். நான் தெருவில் எடுப்பது அப்படித்தான். அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) 8, குவியம் (படம் தெளிவாக விழும் தூரம்) இரண்டரை மீட்டரில் நிறுத்தியது. கேமராவோடு போராடும் நேரம் குறைந்தால் மனிதரோடு பேசும் நேரம் கூடுகிறது.


தாம்பரம்லோக்கல் | திங்கள், இரவு 11.02

இரண்டரை மீட்டரில் நிறுத்துவது எந்த லென்ஸுக்கு? என்னிடம் 50 மில்லிமீட்டர்தான் இருக்கிறது.


கொங்குவெயில் | திங்கள், இரவு 11.10

என்னுடையது 23. சிறிய சென்சார் கேமராவில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 35 மில்லிமீட்டர் லென்ஸ் தந்த பார்வையைத் தரும். 50இல் முன்னும் பின்னும் தெளிவாக விழும் இடம் மிகக் குறுகிவிடும், அதில் இந்த முறை எளிதில்லை. உங்கள் 18-55ஐ 23இல் வைத்துப் பாருங்கள் என்று கடலோரக்காற்றுக்குச் சொல்வேன்.


வலைக்காரன்மகன் | செவ்வாய், காலை 6.50

இதுவரை படித்துக்கொண்டிருந்தேன். காசிமேடு என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன். என் வீடு அங்கேதான். பெரியம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர்.

நீங்கள் எல்லோரும் ஒருவர் முன்னால் ஒருவர் படும் கூச்சத்தைப் பேசுகிறீர்கள். படம் எடுக்கப்படுபவரின் கூச்சத்தை இங்கே யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் எங்கள் ஆட்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. படகு வந்து கூடை இறங்கியதும் விலை சொல்லிக் கேட்டு முடித்தாக வேண்டும். ஒரு நிமிடம் தவறினால் மீன் வேறு கைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் பத்துப் பேர் பெரியம்மாவைச் சுற்றி நின்று முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுகிறார்கள். ஒருவர் எடுத்த கோணத்தை அடுத்தவர் விடக் கூடாது என்று தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பெரியம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடுவார். அதையும் எடுப்பார்கள். அதுதான் நல்ல படம் என்று எங்கோ ஓரிடத்தில் கைதட்டலும் வாங்கும்.

கடலோரக்காற்று, நீங்கள் ஒதுங்கி நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்த ஒருவனாகச் சொல்கிறேன், ஒதுங்கி நின்றவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். அந்தக் கூச்சத்தில் ஒரு பகுதி உங்கள் மனசாட்சியாக இருக்கலாம். அதைப் போக்கிக்கொள்ள வழி கேட்காதீர்கள்.

படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகைச் செப்பனிடுவார்கள், வண்ணம் அடிப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள். வருமானம் இல்லாத காலம், மனம் கனத்திருக்கும். ஆனால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அப்போது வருகிற புகைப்படக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எடுத்த படத்தை ஒரு தாளில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து கொடுங்கள். எத்தனையோ பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள். பெரியம்மாவிடம் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.


செங்காந்தள் | செவ்வாய், காலை 8.30

வலைக்காரன்மகன், இதை எழுதியதற்கு நன்றி. இந்த இழையில் நான் படித்தவற்றில் இதுதான் முக்கியமானது. மயானக் கொள்ளையிலும் கூவாகத்திலும் இதே காட்சியைப் பார்த்திருக்கிறேன். சாமி வந்து ஆடும் ஒரு பெண்ணைச் சுற்றிக் கேமரா வேலி. குழுவாகப் போகும்போது ஒருவருக்கு இருக்கும் தயக்கத்தை இன்னொருவரின் துணிச்சல் அழித்துவிடுகிறது. எல்லோரும் எடுக்கிறார்களே, நாமும் எடுத்தால் என்ன என்று தோன்றிவிடும். தனியாகப் போயிருந்தால் அங்கே நின்ற யாருமே அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு அருகில் போயிருக்க மாட்டார்கள்.


ஞாயிறுநடை | செவ்வாய், பிற்பகல் 2.20

ஒரு குழுவை நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடலோரக்காற்று வருவது என் குழுவா என்று தெரியாது. எதுவாக இருந்தாலும் இங்கே சொல்லப்பட்டது எனக்கும் சேர்ந்ததுதான்.

‘என்ன பாடி?’ என்ற கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அடுத்தவரை மட்டம் தட்டக் கேட்பதில்லை. புதிதாக ஒருவர் தனியாக நிற்கிறார், ஏதாவது பேச வேண்டும், வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேமரா கண்ணில் படுகிறது, அதைக் கேட்டுவிடுகிறார்கள். என் குழுவில் இதை அதிகம் கேட்பவர் மிகவும் கூச்ச சுபாவம் உள்ள ஒரு பொறியாளர். எண்களைப் பேசும்போது மட்டும் அவருக்கு நா தடுமாறாது. எனவே அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால், விடையைச் சொல்லிவிட்டு, ‘நீங்கள் எதைப் படம் எடுக்க விரும்புவீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு நிற்காது.

வரும் வாரத்தில் இருந்து நான் செய்யப் போவது: நான்கு பேராகப் பிரித்து வேறு வேறு தெருவுக்கு அனுப்புவது. ஒருவரைச் சுற்றி இரண்டு கேமராவுக்கு மேல் நிற்கக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவது. தேநீர் நேரத்தில் கேமரா பைக்குள் இருப்பது. காசிமேட்டை ஞாயிறு விடியலில் இருந்து எடுத்துவிட்டுத் தடைக்காலத்துக்கு மாற்றுவது. வலைக்காரன்மகன், அதற்கு முன் உங்களைத் தனிமடலில் தொடர்புகொள்கிறேன்.

வாட்ஸ்அப் பற்றி: அன்றே படம் போடும் வழக்கத்தையும் நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் தன் சுருள்களை உடனே கழுவிப் பார்க்காமல் நெடுநாள் தள்ளி வைப்பார். எடுத்த நேரத்து மகிழ்ச்சி படத்தின் மதிப்பைக் கூட்டிக் காட்டிவிடும் என்பது அவர் எண்ணம். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் ஏறத்தாழ 2,500 இருந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் மகிழ்ச்சியும் ஆறிவிடும், அவமானமும் ஆறிவிடும், படம் மட்டும் எஞ்சும்.


கடலோரக்காற்று | செவ்வாய், இரவு 9.30

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. வலைக்காரன்மகன், நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். என் கூச்சம் என்று நான் ஒரே பெயரில் அழைத்ததில் வெவ்வேறு சங்கதிகள் இருப்பது புரிகிறது. பெரியம்மாவுக்கு முன்னால் வரும் தயக்கம் எனக்கு வேண்டும், அதை வைத்துக்கொள்கிறேன். நண்பர்களுக்கு முன்னால் வருவதுதான் குறைய வேண்டும்.

இருட்டறை ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த ஒரு வாக்கியத்தை எப்படிக் கேட்டு வாங்குவது? ‘படம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்றுதான் விடை வருகிறது.


இருட்டறை | செவ்வாய், இரவு 10.40

‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் ‘அருமை’ என்றுதான் சொல்வார்கள், தம்பி. நம் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசுவார்கள். அது பண்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். ‘முதலில் கண் எங்கே போனது?’ என்று கேளுங்கள். அதற்கு ‘அருமை’ என்று விடை சொல்ல முடியாது. ‘வாளிக்குப் போனது’ என்பார். நீங்கள் பாட்டியின் முகத்தை நினைத்து எடுத்திருப்பீர்கள். அங்கேயே தெரிந்துவிடும். யாரும் யாரையும் புண்படுத்தவில்லை, வேண்டியது கிடைத்துவிட்டது. பிறகு, ‘கண் எந்தப் பக்கமாக வெளியே போகிறது?’ என்று கேளுங்கள். எதை வெட்டலாம் என்பது கடைசியாக.

வெட்டிப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. கெட்டி அட்டையில் ஆங்கில ‘L’ எழுத்துபோல் செங்கோணமாக இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அச்சுப் படத்தின் மேல் எதிரெதிராக வைத்து நகர்த்தினால் எந்த அளவிலும் சட்டம் அமையும். நான்கு பேர் ஒரே படத்தில் மாறி மாறி நகர்த்திப் பார்க்கும்போது பேச்சு தானாக வரும். கை வேலை இருந்தால் வாய்க்குக் கூச்சம் குறையும். இருட்டறையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள்.

இதற்கெல்லாம் படம் தாளில் இருக்க வேண்டும். கைபேசித் திரையில் ஒருவர் பார்க்க மற்றவர் காத்திருக்க வேண்டும், விரல் பட்டால் அடுத்த படம் வந்துவிடும். 4க்கு 6 அளவில் அச்சிடப் பெரிய செலவு ஆகாது. ஆளுக்கு ஐந்து படம், பின்பக்கத்தில்கூடப் பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து பரப்பிவிடுங்கள். விருப்பமிருந்தால் ஞாயிறு மாலை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வாருங்கள், நான் வருகிறேன். நான்கைந்து பேர் போதும். அதற்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாக உட்காரலாம்.


செங்காந்தள் | புதன், காலை 7.45

நானும் தோழியும் வருகிறோம். ஒரே நிபந்தனை, படம் யாருடையது என்று கடைசிவரை யாரும் ஊகிக்கக் கூடாது. கொங்குவெயில் சொன்னதுபோல் பெயர் தெரிந்துவிட்டால் பேச்சு மாறிவிடும். அதனால் ஊரறிந்த தங்கள் படங்களை யாரும் கொண்டுவராதீர்கள். இதுவரை எங்கும் போடாத படங்கள் மட்டும்.


தாம்பரம்லோக்கல் | புதன், காலை 8.10

நானும் வருகிறேன். கைபேசியில் எடுத்த படம் கொண்டுவரலாமா? எனக்குப் பிடித்த படங்களில் பாதி ரயிலில் கைபேசியில் எடுத்தவை.


இருட்டறை | புதன், காலை 9.25

தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கைபேசிப் படம் பெரும்பாலும் 4க்கு 3 விகிதத்தில் இருக்கும். 4க்கு 6 தாளில் போட்டால் நீண்ட பக்கங்களின் ஓரம் வெட்டுப்படும், கடைக்காரர் கேட்காமலே வெட்டிவிடுவார். 6க்கு 8 அளவில் அச்சிடச் சொல்லுங்கள், அப்படியே முழுதாக அமையும். அல்லது 4க்கு 6 தாளிலேயே வெள்ளை ஓரம் விட்டு, படத்தை வெட்டாமல் போடச் சொல்லுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், பூங்கா வெளிச்சத்தில் கண் கூசும். மேட் தாள் என்று கேட்டு வாங்குங்கள்.